வாயு உணரிக்கான ஆக்சைடு மென்படலம்: பளபளப்பாக இருந்தால் போதுமா?

கேள்வி சுருக்கமாக இது: சோல்-ஜெல் முறையில் (கரைசலைப் பூசிச் சூடாக்கி) ஜிங்க் ஆக்சைடு மென்படலம் போட்டாயிற்று. பார்க்கத் தெளிவாகப் பளபளவென்று இருக்கிறது, எக்ஸ்ஆர்டியிலும் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனை) உரிய கோடுகள் வருகின்றன. ஆனால் எத்தனால் ஆவி கொடுத்தால் மின்தடை சொற்பமாகத்தான் மாறுகிறது. காற்றில் இருக்கும்போதே அடிப்படை மின்தடை ஒரு நிலையில் நிற்காமல் நகர்ந்துகொண்டே போகிறது. எங்கே தவறு? டின் ஆக்சைடுக்கு மாறலாமா? ஸ்ப்ரே (சூடான தகட்டில் கரைசலைத் தெளிப்பது) அல்லது ஸ்பட்டரிங் (வெற்றிடத்தில் ஓர் இலக்குப் பொருளிலிருந்து அணுக்களைத் தெறிக்க வைத்துப் படியவைப்பது) முறைக்குப் போக வேண்டுமா?

முறையை மாற்ற அவசரப்பட வேண்டாம். சோல்-ஜெல், ஸ்ப்ரே, ஸ்பட்டரிங் மூன்றிலுமே நல்ல உணரி செய்யலாம், மூன்றிலுமே ஒன்றுக்கும் உதவாத படலமும் செய்யலாம். ஒளியியலுக்கோ பீசோ மின்சாரத்துக்கோ (அழுத்தினால் எழும் மின்சாரம்) நல்ல படலம் என்று எதைச் சொல்கிறோமோ, அடர்த்தியாக, வழவழப்பாக, ஒரே திசையில் அடுக்கிய படிகங்களோடு இருப்பதை, அது பல சமயம் வாயு உணர்வுக்கு மோசமான படலம். இணையத்திலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் கிடைக்கும் ஜிங்க் ஆக்சைடு செய்முறைகளில் பெரும்பகுதி சூரிய மின்கலத்துக்கும் ஒளி ஊடுருவும் மின்முனைக்கும் எழுதப்பட்டவை. அதை அப்படியே எடுத்தால் நீங்கள் சொல்லும் விளைவுதான் வரும்.

ஏன் என்று புரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் தாமாக வரும். ஜிங்க் ஆக்சைடு, டின் ஆக்சைடு, டங்ஸ்டன் ஆக்சைடு எல்லாம் n-வகைக் குறைகடத்திகள், அதாவது எலக்ட்ரான்களால் மின்னோட்டத்தைக் கடத்துபவை. சூடான பரப்பில் காற்றின் ஆக்சிஜன் வந்து ஒட்டும்போது படிகத்திலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எதிர்மின் அயனியாகிறது. அதனால் ஒவ்வொரு படிகத் துகளின் தோலிலும் எலக்ட்ரான் குறைந்த ஓர் அடுக்கு உருவாகிறது. துகளும் துகளும் தொடும் இடத்தில் மின்னோட்டத்துக்குத் தடைச்சுவர் எழும்புகிறது. எத்தனால், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் போன்ற ஒடுக்கும் வாயு வந்தால் அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்து எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுக்கிறது, மின்தடை இறங்குகிறது. நைட்ரஜன் டைஆக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றும் வாயு வந்தால் மேலும் எலக்ட்ரான் போகிறது, மின்தடை ஏறுகிறது. காப்பர் ஆக்சைடு, நிக்கல் ஆக்சைடு போன்ற p-வகையில் (எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களால் கடத்துபவை) இந்தத் திசை தலைகீழ்.

ஆக, வேலை முழுவதும் துகளின் தோலில் நடக்கிறது. அந்தத் தோலின் தடிமனைத் தீர்மானிப்பது டிபை நீளம், அதாவது பரப்பிலுள்ள மின்னூட்டத்தின் தாக்கம் உள்ளே எட்டும் ஆழம். டின் ஆக்சைடுக்கு, உணரி இயங்கும் வெப்பநிலையில், அது சுமார் 3 நானோமீட்டர். துகளின் விட்டம் அதன் இரு மடங்கான 6 நானோமீட்டரை நெருங்கும்போது துகள் முழுவதுமே எலக்ட்ரான் குறைந்ததாகிவிடும். உணர்திறன் செங்குத்தாக ஏறுவது அங்கேதான். 60 நானோமீட்டர் துகளில் நடுவில் பெரிய கடத்தும் உள்ளகம் அப்படியே இருக்கும், வெளியே என்ன நடந்தாலும் மின்னோட்டத்துக்கு அவ்வளவாக உறைக்காது. இரண்டாவது விஷயம், வாயு உள்ளே போக வழி வேண்டும். அடர்த்தியான படலத்தில் மேல் பரப்பு மட்டும்தான் வாயுவைப் பார்க்கும். அடியிலுள்ள 150 நானோமீட்டரும் பக்க இணைப்பாக மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டு போய், மேலே நடக்கும் மாற்றத்தை மூடி மறைத்துவிடும்.

அதற்காக 5 நானோமீட்டர் துகளை விரட்டிக்கொண்டு போகவும் கூடாது. அவ்வளவு சிறிய துகள்கள் 350 டிகிரியில் இயங்கும்போது தாமாகவே வளரும். இன்றைக்கு ஒரு மின்தடை, அடுத்த வாரம் இன்னொன்று. (இங்கே சொல்லும் வெப்பநிலை எல்லாம் செல்சியஸ்.) 10 முதல் 20 நானோமீட்டர் துகள், மொத்தத் தடிமன் 100 முதல் 200 நானோமீட்டர், இடையிடையே நுண்துளைகள்: நிலைத்து உழைக்கும் உணரிக்கு இதுதான் சரியான இலக்கு என்பது என் கருத்து.

அடித்தளம்

சாதாரணக் கண்ணாடித் தகடு பழகிப் பார்க்க மட்டும்தான். 450 டிகிரிக்கு மேல் அதிலுள்ள சோடியம் படலத்துக்குள் ஊடுருவி மின்தடையை மாற்றும். 500-ஐத் தாண்டினால் தகடே வளையத் தொடங்கும். அலுமினா தகடு, குவார்ட்ஸ், அல்லது மேலே ஆக்சைடு வளர்த்த சிலிக்கான் எடுங்கள். பலர் செய்யும் இன்னொரு தவறு, கையிலிருக்கும் ஐடிஓ அல்லது எஃப்டிஓ (ஒளி ஊடுருவும் கடத்தி ஆக்சைடுகள்) பூசிய கண்ணாடியின் மேல் படலம் போடுவது. அடியில் இருப்பதே நல்ல கடத்தி. மின்னோட்டம் முழுவதும் அதன் வழியே போய்விடும், உங்கள் படலம் அளவீட்டில் இருக்கவே இருக்காது.

கழுவுவதற்குச் சோப்பு நீர், அசிட்டோன், ஐசோபுரொப்பனால், அயனி நீக்கிய நீர் என்று ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் அல்ட்ராசோனிக் போதும். நைட்ரஜன் ஊதி உலர்த்தி, யுவி-ஓசோன் அல்லது ஆக்சிஜன் பிளாஸ்மாவில் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். சரிபார்க்கச் சுலபமான வழி, தகட்டின் மேல் ஒரு சொட்டு நீர் விடுவது. அது முத்தாக நின்றால் பரப்பு சுத்தமில்லை, தாள் போலப் பரவினால் சரி. சுத்தமான தகட்டையும் நாள்கணக்கில் திறந்து வைத்தால் பழையபடி ஆகிவிடும், கழுவிய அன்றே பூசுங்கள்.

ஜிங்க் ஆக்சைடு, சோல்-ஜெல்

50 மில்லி, 0.5 மோலார் கரைசலுக்கு: ஜிங்க் அசிட்டேட் டைஹைட்ரேட் 5.49 கிராம், கரைப்பானாக 2-மெத்தாக்சி எத்தனால், நிலைநிறுத்தியாக மோனோ எத்தனாலமீன் 1.5 மில்லி. ஜிங்குக்கும் அமீனுக்கும் மோல் விகிதம் 1:1. முதலில் அசிட்டேட்டை 40 மில்லி கரைப்பானில் போட்டு, 60 டிகிரியில் காந்தக் கலக்கியில் கலக்குங்கள். அது முழுதாகக் கரையாது, பால் போலக் கலங்கியிருக்கும். அமீனைச் சொட்டுச் சொட்டாக விட்டால் சில நிமிடங்களில் தெளியும். மேலும் 2 மணி நேரம் கலக்கி, ஆறிய பிறகு 50 மில்லி குறிக்கு நிரப்பி, மூடிய புட்டியில் அறை வெப்பநிலையில் 24 மணி நேரம் வைத்திருந்து, 0.2 மைக்ரோமீட்டர் பிடிஎஃப்இ (டெஃப்லான்) வடிகட்டி வழியாகப் பயன்படுத்துங்கள். 2-மெத்தாக்சி எத்தனால் இனப்பெருக்க நலத்துக்குக் கேடு விளைவிக்கும் பொருள், தோல் வழியாகவும் உடலில் ஏறும். புகைப்போக்கிப் பெட்டிக்குள் கையுறையோடு மட்டுமே கையாளுங்கள். எத்தனால் அல்லது ஐசோபுரொப்பனாலிலும் இந்தக் கரைசல் வரும். அவை வேகமாக ஆவியாவதால் படலத்தில் கோடுகள் விழும், செறிவை 0.3 மோலாருக்குக் குறைக்க வேண்டியிருக்கும். உணரிக்கு அந்தக் கோடுகள் பெரிய குறை இல்லை. உடல்நலத்தைப் பார்த்தால் அந்த வழியே மேல்.

கரைசலைத் தகட்டின் மேல் சொட்டி, சுழல் பூச்சுக் கருவியில் நிமிடத்துக்கு 500 சுற்றில் 5 நொடி, பிறகு 3000 சுற்றில் 30 நொடி சுழற்றுங்கள். ஒரு பூச்சுக்குச் சுமார் 30 நானோமீட்டர் வரும். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் ஹாட் பிளேட்டில் சூடாக்க வேண்டும். இந்த இடைச்சூட்டைத்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். அமீனின் கொதிநிலை 170 டிகிரி. 120 டிகிரியில் 5 நிமிடம் வைத்துவிட்டு அடுத்த பூச்சைப் போட்டால், புதுக் கரைசல் பழைய பூச்சைக் கரைத்துவிடும். கரையாமல் தப்பினாலும் உள்ளே மாட்டிக்கொண்ட அமீனும் அசிட்டேட்டும் கடைசியில் உலையில் ஒரே மூச்சாக வெளியேறும்போது வறண்ட குளம் போல வெடிப்பு விழும். 280 முதல் 300 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். 4 அல்லது 5 பூச்சு போதும். வேலை மிச்சம் என்று செறிவைக் கூட்டி ஒரே பூச்சில் 150 நானோமீட்டர் போடப் பார்த்தால் வெடிப்பது ஏறக்குறைய உறுதி.

கடைசியில் உலையில், காற்றில், நிமிடத்துக்கு 3 முதல் 5 டிகிரி வீதம் ஏற்றி 500 டிகிரியில் 1 மணி நேரம். உலைக் கதவைத் திறந்து அவசரமாகக் குளிர்விக்காமல், 100 டிகிரிக்குக் கீழே தானாக இறங்க விடுங்கள்.

இனி உங்கள் எக்ஸ்ஆர்டிக்கு வருவோம். ஜிங்க் ஆக்சைடுக்கு 31.8, 34.4, 36.3 டிகிரிகளில் மூன்று முக்கியக் கோடுகள் (எக்ஸ்ஆர்டியில் சொல்லும் டிகிரி வெப்பநிலை இல்லை, கோணம்). உங்கள் படத்தில் 34.4 மட்டும் ஓங்கி நின்று மற்ற இரண்டும் காணாமல் போயிருந்தால், படிகங்கள் எல்லாம் செங்குத்தாக ஒரே திசையில் இறுக்கமாக நின்றுவிட்டன என்று பொருள். 2-மெத்தாக்சி எத்தனாலும் அமீனும் 300 டிகிரி இடைச்சூடும் சேர்ந்தால் அந்த அடுக்கு எளிதில் அமைந்துவிடும். ஒளியியலுக்கு அது வரம். வாயுவுக்கோ பக்கவாட்டில் உள்ளே போக வழியே இல்லாத சுவர். எத்தனாலுக்குச் சரியாக உணராததற்கு முதல் சந்தேகம் அங்கேதான் விழுகிறது.

இதைச் சரிசெய்ய, கரைசலில் பாலி எத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமரைக் கலக்கலாம். மூலக்கூறு எடை 400 முதல் 2000 வரையுள்ளது, கரைசல் 50 மில்லிக்கு 0.5 முதல் 1 கிராம். உலையில் அது எரிந்து போன இடம் நுண்துளையாக நிற்கும். அதிகம் போட்டால் படலம் அடித்தளத்தைப் பிடிக்காமல் செதிலாக உரியும். டேப் ஒட்டி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பாலிமர் கலந்திருந்தால் 250-லிருந்து 450 டிகிரி வரை நிமிடத்துக்கு 1 டிகிரிதான் ஏற்ற வேண்டும். படலம் பழுப்பாகவோ கருமையாகவோ வந்தால் உள்ளே கார்பன் மிச்சம் இருக்கிறது, உலைக்குள் காற்றோட்டம் போதவில்லை. படலம் வெண்மூட்டமாக வந்தால் பெரும்பாலும் அறையின் ஈரப்பதம்தான் காரணம். 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாளில் சுழல் பூச்சைத் தள்ளிப்போடுங்கள், அல்லது மூடிய பெட்டிக்குள் உலர் நைட்ரஜன் விட்டுப் பூசுங்கள்.

டின் ஆக்சைடு, ஸ்ப்ரே

எத்தனால், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் என்று போகிறவர்களுக்கு டின் ஆக்சைடே என் முதல் தேர்வு. ஆக்சைடு படலத்தின் மின்தடை மாற்றத்தால் வாயுவைக் கண்டறியலாம் என்று 1962-இல் செய்யாமா குழு ஜப்பானில் காட்டியது ஜிங்க் ஆக்சைடில்தான். ஆனால் விற்பனைக்கு வந்து நிலைத்தது, அதே காலத்தில் தகுச்சி என்ற ஜப்பானியர் எடுத்த டின் ஆக்சைடு வழி. ஈரம், அமிலம், நீண்ட காலச் சூடு எதற்கும் அது ஜிங்க் ஆக்சைடைவிட உறுதியாக நிற்கும்.

100 மில்லி, 0.1 மோலார் கரைசலுக்கு டின் டெட்ராகுளோரைடு பென்டாஹைட்ரேட் 3.5 கிராம், எத்தனாலில். நீராற்பகுப்பு நடந்து வெண்மையாகக் கலங்காமலிருக்க அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு. கண்ணாடி நாசில், தகட்டிலிருந்து 25 முதல் 30 செ.மீ. உயரம், நிமிடத்துக்கு 3 முதல் 5 மில்லி, உந்து காற்று 1 முதல் 1.5 பார், தகட்டின் வெப்பநிலை 400 முதல் 450 டிகிரி. தொடர்ந்து தெளிக்காதீர்கள். 5 நொடி தெளித்து 30 நொடி ஓய்வு கொடுங்கள், தகடு இழந்த சூட்டை மீட்டுக்கொள்ளும். ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும் என்பதால் புகைப்போக்கிக்கு வெளியே இதைச் செய்யவே கூடாது. எஃகு நாசிலும் அதில் அரித்து, இரும்பு படலத்தில் கலந்துவிடும்.

இங்கே சறுக்குவது வெப்பநிலையில்தான். ஹாட் பிளேட்டின் திரை 450 காட்டும், கண்ணாடியின் மேல் பரப்பு தெளிக்கும்போது அதைவிடப் பல பத்து டிகிரி கீழே இருக்கும். அதே தடிமனுள்ள ஒரு தகட்டின் மேல் மெல்லிய தெர்மோகப்பிளை ஒட்டிப் பக்கத்தில் வைத்து, அந்த அளவீட்டை நம்புங்கள். படலத்தைப் பார்த்தாலும் தெரியும். சூடு குறைவென்றால் துளிகள் திரவமாகவே வந்து விழுந்து, விளிம்பு தடித்த வட்ட வட்டமான தழும்புகளாகக் காயும். சூடு மிகையென்றால் துளி வழியிலேயே உலர்ந்து, விரலால் தேய்த்தால் வரும் வெண்பொடியாகப் படியும். சரியான சூட்டில் தகடு முழுவதும் சோப்புக் குமிழியில் தெரிவது போன்ற குறுக்கீட்டு நிறத்தை ஒரே சீராகக் காட்டும்.

ஸ்ப்ரே படலம் உலையைப் பார்க்காமல் நேராக அளவீட்டுக்குப் போகக் கூடாது. ஆக்சிஜன் இடத்தில் மாட்டிக்கொண்ட குளோரின் எலக்ட்ரான் வழங்கியாக வேலை செய்து படலத்தை நன்கு கடத்த வைக்கும், வாயு உணர்வு மழுங்கிப் போகும். உணரி இயங்கும் சூட்டில் அந்தக் குளோரின் மெல்ல மெல்ல வெளியேறும்போது அடிப்படை மின்தடை நாள்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். காற்றில் 550 டிகிரி, 2 மணி நேரம் சூடாக்கினால் இது பெருமளவு அடங்கும். எக்ஸ்ஆர்டியில் 26.6, 33.9, 51.8 டிகிரிகளில் கோடுகள் வர வேண்டும். 30 டிகிரிக்குச் சற்று முன்னால் ஒரு கோடு தெரிந்தால் டின் மோனாக்சைடு கலந்திருக்கிறது, இன்னும் சூடு வேண்டும். கண்ணாடித் தகடாக இருந்தால் 20 முதல் 30 வரை கண்ணாடியின் மேடு 26.6 கோட்டை விழுங்கும், அதனால் 1 டிகிரி சாய்வுக் கதிர் முறையில் எடுங்கள்.

துகள் அளவை, எக்ஸ்ஆர்டி கோட்டின் அகலத்திலிருந்து கணிக்கும் ஷெரர் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கலாம். 26.6 டிகிரிக் கோட்டின் பாதி உயர அகலம் 0.8 டிகிரி என்றால், ரேடியனில் 0.01396. 0.9 என்ற மாறிலியை எக்ஸ்-கதிரின் அலைநீளமான 0.15406 நானோமீட்டரால் பெருக்கி, 0.01396 × 0.973-ஆல் (பின்னது 26.6-இல் பாதியான 13.3 டிகிரியின் கொசைன்) வகுத்தால் 10.2 நானோமீட்டர். கருவியின் சொந்த அகலத்தைக் கழிக்காமல் போட்டால் துகள் உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும். நுண்துளை இருக்கிறதா என்பதை இது சொல்லாது, அதற்கு மின்னணு நுண்ணோக்கியில் வெட்டுமுகம் பார்த்தே ஆக வேண்டும்.

ஸ்பட்டரிங் பற்றிச் சுருக்கமாக. திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வர வேண்டும், சிறிய சில்லுகளில் பல உணரிகள் வேண்டும் என்றால் அதுவே வழி. 2 அங்குல செராமிக் இலக்குக்கு ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) மின்திறன் 60 முதல் 100 வாட், ஆரம்ப வெற்றிடம் 10⁻⁵ மில்லிபாருக்குக் கீழ், ஆர்கானும் ஆக்சிஜனும் 80:20, இலக்குக்கும் தகட்டுக்கும் 6 முதல் 8 செ.மீ., ஷட்டரை மூடி 10 நிமிட முன்-ஸ்பட்டரிங். மின்திறனை நிமிடத்துக்குப் பத்து வாட் போல மெல்ல ஏற்றாவிட்டால் செராமிக் இலக்கு விரிசல் விடும். வாயு உணரிக்கு வேலை அழுத்தத்தை 2 × 10⁻² மில்லிபார் பக்கம் உயர்த்துங்கள். அணுக்கள் மோதி மோதித் தளர்ந்து வந்து படிவதால் படலம் நுண்துளையோடு வளரும். 3 × 10⁻³-இல் அடர்த்தியாக வரும். எடுத்தவுடன் டின் ஆக்சைடு படலம் மஞ்சள் பழுப்பாக இருந்தால் ஆக்சிஜன் குறை. காற்றில் சூடாக்கினால் நிறம் தெளியும். நைட்ரஜன் டைஆக்சைடுக்கு டங்ஸ்டன் உலோக இலக்கிலிருந்து ஆக்சிஜன் கலந்து ஸ்பட்டர் செய்து, 450 டிகிரியில் படிகமாக்கிய டங்ஸ்டன் ஆக்சைடே சிறந்த தேர்வு. எக்ஸ்ஆர்டியில் 23 முதல் 24.5 டிகிரிக்குள் மூன்று கோடுகள் நெருக்கமாக நிற்கும். அது 150 முதல் 250 டிகிரியிலேயே நன்றாக இயங்கும்.

மின்முனையும் சூடாக்கியும்

படலத்தைக் குறை சொல்லும் பல சமயங்களில் குற்றவாளி மின்முனை. சில்வர் பேஸ்ட் 300 டிகிரியில் நிலைக்காது. அதிலுள்ள பிசின் எரியும், வெள்ளி மின்புலத்தில் நகர்ந்து படலத்துக்குள் பரவும், அடிப்படை மின்தடை நகரும். குரோமியம் மேல் தங்கம் போட்டால் சூட்டில் குரோமியம் தங்கத்தின் வழியே மேலேறி ஆக்சைடாகும். 20 நானோமீட்டர் டைட்டானியம், மேலே 200 நானோமீட்டர் பிளாட்டினம் என்பது 550 டிகிரி வரை தாங்கும். அதற்கு மேல் டைட்டானியத்துக்குப் பதில் டான்டலம் போடுங்கள்.

இடைச்செருகு விரல் வடிவத்தில் (இரண்டு சீப்புகளின் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தது போல) மின்முனை போடுவதற்குக் காரணம் மின்தடையைக் கைக்குள் கொண்டுவருவதுதான். 20 விரல்கள், விரலுக்கு 5 மி.மீ. நீளம், இடைவெளி 100 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 19 இடைவெளிகள் × 5 மி.மீ. = 95 மி.மீ. அகலம். அதை 0.1 மி.மீ.-ஆல் வகுத்தால் 950. படலத்தின் சதுரத் தடை (ஒரு சதுரத் துண்டின் மின்தடை) 1 கிகா ஓம் என்றால் மீட்டரில் சுமார் 1 மெகா ஓமாக வரும், சாதாரணக் கருவியிலேயே அளக்கலாம். இரண்டு பட்டை மட்டும் போட்டு 1 கிகா ஓமை நேரடியாக அளக்கப் போனால், கம்பியின் காப்பு உறையும் அலுமினாவின் மேலுள்ள ஈரமும் கசிவதைத்தான் அளப்பீர்கள். இயங்கும் வெப்பநிலையில் −2 முதல் +2 வோல்ட் வரை மின்னோட்டத்தை வரைந்து பாருங்கள். நேர்க்கோடாக இல்லையென்றால் தொடுமுனை சரியில்லை, மேற்கொண்டு எந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

சூடாக்கிக்குத் தகட்டின் பின்புறம் பிளாட்டினம் பாம்பு வரி. அதன் மின்தடையே வெப்பமானியாகவும் உதவும், ஆனால் மெல்லிய பிளாட்டினத்தின் வெப்பக் கெழு கட்டிப் பிளாட்டினத்தின் 0.00385-ஐவிடக் குறைவு, நீங்களே அளவுதிருத்தம் செய்ய வேண்டும். அதற்குக் கையடக்கமான வழி உண்டு. படலம் இல்லாத வேறொரு தகட்டின் மேல் கடுகளவு இன்டியம், டின், ஈயத் துணுக்குகளை வைத்து மெல்லச் சூடேற்றி உருப்பெருக்கியில் பாருங்கள். இன்டியம் 156.6 டிகிரியிலும், டின் 231.9-லும், ஈயம் 327.5-லும் சட்டென்று உருண்டு பளபளக்கும். அந்தந்தக் கணத்தில் சூடாக்கியின் மின்தடையைக் குறித்துக்கொண்டால் மூன்று புள்ளிகள் கிடைத்துவிடும். வாயு ஓடும் வேகத்தில் பரப்பு குளிரும் என்பதால், அளவீட்டில் பயன்படுத்தும் அதே ஓட்டத்தில் இதைச் செய்ய வேண்டும்.

வினையூக்கி

படலம் ஒழுங்காக நின்ற பிறகு மட்டும் பலேடியம், பிளாட்டினம், தங்கம் பற்றி யோசியுங்கள். பலேடியத்தை 1 முதல் 2 நானோமீட்டர் அளவுக்கு ஸ்பட்டர் செய்து 400 டிகிரியில் 1 மணி நேரம் சூடாக்கினால் தனித்தனித் தீவுகளாக நிற்கும். ஹைட்ரஜனுக்கு உணர்திறன் ஏறும், இயங்கும் வெப்பநிலை இறங்கும். 5 நானோமீட்டரை நெருங்கினால் தீவுகள் கைகோத்து உலோகப் பாதையாகிவிடும், உணரி செத்ததற்குச் சமம். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு டின் ஆக்சைடு மேல் காப்பர் ஆக்சைடு தீவுகள் வேறு எதையும்விடச் சிறப்பாக வேலை செய்யும். காப்பர் ஆக்சைடு அந்த வாயுவில் உலோகம் போலக் கடத்தும் காப்பர் சல்ஃபைடாக மாறும்போது, p-n சந்தியின் (இருவகைக் குறைகடத்திகளும் தொடும் இடம்) தடைச்சுவர் இடிந்து மின்தடை பல மடங்கு விழும். மீள்வதற்கு மட்டும் சற்று நேரம் எடுக்கும்.

அளவீடு

புதுப் படலத்தை உடனே அளக்காதீர்கள். உலையில் கொடுத்த சூடு, உணரி இயங்கப்போகும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 150 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் இயங்கும் வெப்பநிலையில், காற்றில், 48 மணி நேரம் தொடர்ந்து வைத்துப் பதப்படுத்துங்கள். அடிப்படை மின்தடை நகர்வதாக நீங்கள் சொல்வதில் பாதி இங்கேயே தீரக்கூடும்.

மூடிய பெட்டியில் திரவத்தைச் செலுத்தி அளப்பவர்களுக்கான கணக்கு: 10 லிட்டர் பெட்டியில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) எத்தனால் வேண்டுமென்றால் 1 மில்லி ஆவி வேண்டும். 25 டிகிரியில் ஒரு மோல் வாயு 24.45 லிட்டர் என்பதால் அது 0.0000409 மோல், அதாவது 1.88 மில்லிகிராம். அடர்த்தி 0.789-ஆல் வகுத்தால் 2.4 மைக்ரோ லிட்டர். பெட்டிக்குள் சிறு சூடான தட்டில் விட்டு ஆவியாக்கி, விசிறியால் கலக்க வேண்டும். குளிர்ந்த சுவரில் விட்டால் பாதி அங்கேயே தங்கிவிடும். இந்த முறையில் வரும் எதிர்வினை நேரத்தை எங்கும் எழுதாதீர்கள். அது ஆவி பெட்டிக்குள் பரவ எடுத்த நேரமே தவிர, உணரியின் நேரம் இல்லை.

ஓட்ட முறையில் 50 மில்லி அறை, நிமிடத்துக்கு 500 மில்லி மொத்த ஓட்டம் நல்ல அமைப்பு, 6 நொடியில் அறைக் கொள்ளளவு ஒரு முறை மாறும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 1000 பிபிஎம் வாயு நைட்ரஜனில் கலந்த சிலிண்டராக இருந்தால், 100 பிபிஎம்முக்கு 50 மில்லி அதிலிருந்தும் 450 மில்லி காற்றிலிருந்தும் விடுவீர்கள். ஆக்சிஜன் 20.9-லிருந்து 18.8 சதவீதத்துக்கு இறங்கும், ஈரப்பதமும் பத்தில் ஒரு பங்கு குறையும். இவை இரண்டுமே மின்தடையை அசைக்கும். அதே 50 மில்லியை வெறும் நைட்ரஜனாக விட்டு ஒருமுறை அளந்து, அந்த மாற்றத்தைத் தனியே தெரிந்துகொள்ளுங்கள். இயன்றால் காற்றில் கலந்த சிலிண்டரே வாங்குங்கள். ஹைட்ரஜனை 4 சதவீத வெடிப்பு எல்லைக்கு வெகு கீழேயே வையுங்கள், நச்சு வாயுக்களின் வெளியேற்றம் புகைப்போக்கிக்குள் போகட்டும்.

ஒரே வெப்பநிலையில் அளந்து படலம் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். ஜிங்க் ஆக்சைடும் டின் ஆக்சைடும் எத்தனாலுக்கு 250 முதல் 400 டிகிரிக்குள் எங்கோ உச்சம் தொடும். கீழே வினை மெதுவு, மேலே வாயு மேல்பரப்பிலேயே எரிந்துவிடும், உள்ளே வந்து சேராது. 25 டிகிரி இடைவெளியில் ஏறி இறங்கி, காற்றின் மின்தடையை வாயுவின் மின்தடையால் வகுத்த விகிதத்தை வரையுங்கள். 40 சதவீத ஈரப்பதத்தில் அதையே மறுபடி செய்யுங்கள். உலர் காற்றில் மட்டும் நன்றாக இருக்கும் உணரி வெளியே எங்கும் உதவாது.

கடைசியாக ஒன்று, இதை யாரும் செய்முறையில் எழுதுவதில்லை. சூடான உணரிக்கு அருகே சிலிக்கோன் எதுவும் இருக்கக் கூடாது. சிலிக்கோன் ரப்பர் வளையம், குழாய், கிரீஸ், அடைப்புப் பசை எதுவானாலும் அதிலிருந்து கசியும் சிலாக்சேன் ஆவி படலத்தின் மேல் சிலிக்காவாக எரிந்து படியும். முதலில் எதிர்வினை மந்தமாகும், பிறகு உணர்திறன் ஒவ்வொரு நாளும் குறையும், எவ்வளவு சூடாக்கினாலும் திரும்பாது. அறையில் பிடிஎஃப்இ குழாயும் வைட்டான் (சிலிக்கோன் அல்லாத ஃபுளோரோ ரப்பர்) வளையமும் போடுங்கள். உங்கள் அமைப்பில் சிலிக்கோன் இருந்தால், புதுப் படலம் போடும் முன் அதை அகற்றி அறையை அசிட்டோனில் கழுவிச் சுட்டெடுங்கள். பிறகு ஒரே தொகுதியில் மூன்று படலங்கள் போடுங்கள்: ஒன்று உங்கள் பழைய செய்முறைப்படி, ஒன்று கிளைக்கால் கலந்து, ஒன்று டின் ஆக்சைடு ஸ்ப்ரேயில். மூன்றையும் ஒரே மின்முனை, ஒரே பதப்படுத்தலில் பக்கத்தில் பக்கத்தில் அளந்தால், குறை படலத்திலா அமைப்பிலா என்பது தெரிந்துவிடும்.